ரேடியோ மேல் ஈரத்துணி

ஜூலை 20

இந்த நோட்டை வாங்கச் சொன்னது டாக்டரம்மா. என் மனைவி சௌந்திரவல்லிக்கு மறதி நோய் வந்து மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் சாயங்காலம் கேட்டைத் திறந்துகொண்டு போய் நடுரோட்டில் நின்றுவிட்டாள். ஆட்டோக்காரன் பிரேக் போட்டதால் பிழைத்தாள். விஷயம் ஓசூரில் இருக்கும் எங்கள் மகள் உமாராணி காதுக்குப் போய், மறுநாளே திருச்சியில் வந்து இறங்கிவிட்டாள். இன்று டாக்டரம்மாவிடம் கூட்டிப்போன இடத்தில் வைத்தே சொல்லிவிட்டாள்:

"ஒரு மாசம் பாப்போம்ப்பா. அதுக்குள்ள அம்மாவுக்கு இந்த சாயங்காலப் பதட்டம் அடங்கலைன்னா நான் ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். எழுபத்தோரு வயசுல உங்களால தனியா முடியாது."

என் பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியாதா? நாற்பத்து நான்கு வருடமாக யார் பார்த்துக்கொண்டதாம்? வாய் வரை வந்தது. டாக்டரம்மா முன்னால் எதற்கு என்று விழுங்கிவிட்டேன்.

டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்: "எது செஞ்சா அம்மா அமைதியா இருக்காங்கன்னு தினமும் குறிச்சு வைங்க. சின்னச் சின்ன விஷயம் போதும். பழகின பொருள், பழகின வேலை, பழகின சத்தம்."

எழுத்து வேலை எனக்குப் புதிதா என்ன? முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர். நடுவழியில் பஸ்ஸை மறித்து ஏறி, டிக்கெட் எடுக்காதவனையும் டிக்கெட் கொடுக்காத கண்டக்டரையும் பிடித்து ரிப்போர்ட் எழுதிய கை இது. ஒரு மாதத்தில் எழுதி நீட்டுகிறேன். சௌந்திரம் எங்கேயும் போகமாட்டாள்.

ஜூலை 21

காலை: முருங்கைக்கீரை உருவக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அமைதி.

மதியம்: துவைத்த துண்டுகளை மடித்தாள். மடித்து முடித்ததும் நான் கலைத்துக் கொடுத்தேன். மறுபடி மடித்தாள். அமைதி.

சாயங்காலம்: ஐந்தரைக்கு ஆரம்பித்தது. வாசலுக்கும் கேட்டுக்கும் நடை. முந்தானையால் என் நாற்காலியைத் துடைக்கிறாள். காபி டம்ளரைக் கழுவுகிறாள், கவிழ்க்கிறாள், திரும்ப எடுத்துக் கழுவுகிறாள். தெருவில் எவன் ஹார்ன் அடித்தாலும் ஓட்டம்.

இதற்குக் காரணம் எனக்குத் தெரியும். சர்வீஸில் இருந்தபோது ஆறு மணிக்கு ஸ்கூட்டரில் வருவேன். கேட் முன்னால் இரண்டு ஹார்ன். மூன்றாவது அடிப்பதற்குள் கேட் திறந்திருக்கும். அப்படி ஒரு பழக்கம் வீட்டில். இன்றைக்கும் எனக்காகத்தான் காத்திருக்கிறாள். யாரை மறந்தாலும் என்னை மறக்கவில்லை. இதை உமா புரிந்துகொள்ள மாட்டாள்.

ஜூலை 23

பெரிய கண்டுபிடிப்பு. முறத்தில் அரிசியைப் போட்டுக் கையில் கொடுத்தால் கல் பொறுக்குகிறாள். ஆனால் இந்தக் காலத்து அரிசியில் கல் ஏது? தேடித் தேடிக் கிடைக்காமல் அழ ஆரம்பித்துவிட்டாள். அடுத்த தெருவில் வீடு கட்டுகிறார்கள். அங்கே போய்க் குனிந்து பொடிக்கல் பொறுக்கி வந்தேன். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தான். பார்க்கட்டும். கழுவிக் காயவைத்து, ஐம்பது கல் எண்ணி அரிசியில் கலந்தேன்.

ஐம்பதும் வந்துவிட்டது. ஒன்று தப்பவில்லை.

அந்த விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் சோற்றில் கல் கடிபட்டு, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன். அதற்கப்புறம் கல் கடிபட்டதே கிடையாது. ஒரு தடவை சொன்னால் போதும் அவளுக்கு.

ஜூலை 25

பகலில் வந்து பார்த்துக்கொள்ளும் ரோசலின் நல்ல மாதிரி. நாற்பது வயது இருக்கும். வாய்தான் கொஞ்சம் நீளம்.

சௌந்திரத்துக்குப் புதிதாக ஒரு கிறுக்கு பிடித்திருக்கிறது. ஒரு துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, நான்காக மடித்து, டிவிக்குக் கீழே இருக்கும் செட் டாப் பாக்ஸ் மேல் போடுகிறாள். நேற்றும் போட்டாள், இன்றும் போட்டாள். பெட்டி செத்தே போயிற்று.

"அறிவிருக்கா உனக்கு?" என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது. நோயாளி. ஆனால் கரண்ட் இருக்கும் பெட்டி மேல் ஈரத்துணி போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஜூலை 28

ஃபேன் சுவிட்சைப் போடக் கையைத் தூக்கினேன். தலையைக் குனிந்துகொண்டாள். காற்று வேண்டாம் போலிருக்கிறது.

ஜூலை 30

பழகின சத்தம் என்று டாக்டரம்மா சொன்னாரே, யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பழகின சத்தம் எது? என் ஸ்கூட்டர் பதினோரு வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினேன். "இத மியூசியத்துக்குக் குடுக்கலாம் சார்" என்றான். வாயை மூடிக்கொண்டு சரிபண்ணு என்றேன். சாயங்காலத்துக்குள் ஓடிவிட்டது. ஹார்ன் அதே ஹார்ன்.

ஜூலை 31

ஐந்தே முக்காலுக்குக் காக்கி பேண்ட், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். வயிறு இடித்தது, பரவாயில்லை. தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, சரியாக ஆறு மணிக்கு கேட் முன்னால் நிறுத்தி இரண்டு ஹார்ன் அடித்தேன்.

வந்தாள்! ஓடி வந்தாள். முட்டிவலிக்காரி, படியில் இடறி, சுவரைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டு வந்து கேட்டைத் திறந்துவிட்டாள். மூன்றாவது ஹார்னுக்கு வேலையே இல்லை. திறந்துவிட்டு ஓரமாக நின்றாள். அந்தக் காலத்தில் எப்படி நிற்பாளோ அப்படியே. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைத் தெரிகிறது அவளுக்கு.

சேலை நனைந்திருந்தது. வரும் அவசரத்தில் தண்ணீர்ச் செம்பைக் கொட்டிக்கொண்டிருப்பாள்.

ஆகஸ்ட் 1

"ஐயா, அந்த ஸ்கூட்டர இனிமே எடுக்காதீங்க," என்றாள் ரோசலின், நேற்றைய சேலையை அலசிக்கொண்டே.

"நீ இந்த வீட்டுக்கு வந்து எத்தன மாசம்?"

"ஏழு மாசம்."

"நான் நாப்பத்துநாலு வருசம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. "நீங்க வெளிய போனா அம்மா நல்லாத்தான் இருக்காங்க ஐயா. பாட்டெல்லாம் பாடுறாங்க."

சௌந்திரமாவது, பாடுவதாவது! இவளுக்கு மறதி நோய் தொற்றிக்கொண்டதா என்று கேட்டேன். முறைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. காவிரிக்குப் போகவில்லை. ஓட்டலில் தேங்காய்ச்சாதம் வாங்கிவந்தேன். சாயங்காலம் வழக்கம்போல நடை.

ஆகஸ்ட் 5

சர்ப்ரைஸ் செக்கிங் செய்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதானே.

பேங்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருமுனை வரை போனேன். பின்பக்கச் சந்து வழியாகத் திரும்பி வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே நின்றேன். சொந்த வீட்டு ஜன்னலுக்குக் கீழே திருடன் மாதிரி.

பாடிக்கொண்டிருந்தாள். சினிமாப் பாட்டு, பழையது. நடுவில் வார்த்தை மறந்தால் 'நன்ன நன்னா' போட்டு நிரப்பிக்கொண்டு, விட்ட இடத்தைப் பிடித்துவிடுகிறாள். ரோசலின் தாளம் போடுகிறாள். ஏதோ ஒரு இடத்தில் இருவரும் சிரித்தார்கள். சௌந்திரத்தின் சிரிப்பு அப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. நல்ல குரல். தெரியாத்தனமாக நல்ல குரல் என்று எழுதவில்லை, நிஜமாகவே நல்ல குரல்.

முன்வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். செருப்புச் சத்தம் கேட்டதும் பாட்டு அறுந்தது. விறுவிறுவென்று எழுந்து, தயாராக வைத்திருந்த ஈரத்துணியை எடுத்து அந்தப் பெட்டி மேல் போட்டாள். ஒற்றி எடுத்தாள். சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

என் கை தானாக அந்தப் பெட்டி மேல் போனது. சில்லென்று இருந்தது.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 6

இந்தப் பக்கத்தை டாக்டரம்மாவிடம் காட்டப்போவதில்லை.

கல்யாணத்துக்கு மாமனார் சீராக ஒரு வால்வு ரேடியோ கொடுத்தார். பாட்டென்றால் பொண்ணுக்கு உயிர் மாப்பிள்ளை என்று சொல்லித்தான் கொடுத்தார். வந்த முதல் மாதமே நான் சொல்லிவிட்டேன்: பகலில் ரேடியோ போட்டால் வீட்டு வேலை கெடும், ஞாயிற்றுக்கிழமை நான் இருக்கும்போது செய்தி கேட்டால் போதும். சொன்னதோடு விட்டேனா? வால்வு ரேடியோ பாடினால் மேல் பலகை சூடாகும். அணைத்த பிறகும் அரை மணி நேரம் சூடு போகாது. தினமும் ஆறு மணிக்கு உள்ளே வந்ததும், செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் ரேடியோ மேல் கை வைத்துப் பார்ப்பேன்.

சூடாக இருந்தது மொத்தம் மூன்று நாள். அந்த மூன்று நாளும் அடித்தேன்.

அப்புறம் அந்த ரேடியோ கெட்டுப்போகும்வரை எட்டு, ஒன்பது வருடம் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்றே இருந்தது. சொன்ன பேச்சைக் கேட்கும் பெண்டாட்டி என்று டெப்போவில் பெருமையடித்திருக்கிறேன். ஊரில் ஆயிரம் பேரைப் பிடித்த செக்கிங் இன்ஸ்பெக்டருக்கு, சொந்த வீட்டில் ஒரு ஈரத்துணியைப் பிடிக்கத் துப்பில்லை.

ஸ்கூட்டரைத் தார்ப்பாய்க்குள் தள்ளிவிட்டேன். நான் மகா பாவி.

ஆகஸ்ட் 8

ரோசலின் ஐந்தரைக்குப் போய்விட்டாள். ஆறு மணிக்கு நாற்காலியில் உட்காரப் பிடிக்காமல் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. கேட்டுக்குப் போய்த் திரும்பி வந்த சௌந்திரம் என்னைக் குனிந்து பார்த்தாள்.

"யாருண்ணே நீங்க?"

அண்ணே! கட்டின பெண்டாட்டி வாயால் அண்ணே.

"பக்கத்து வீடும்மா," என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"அவரு வர்ற நேரம்ணே. பாத்தா சத்தம் போடுவாரு. கெளம்புங்க, கெளம்புங்க."

"அவரு இன்னைக்கு வரமாட்டாரும்மா. நைட் டூட்டி போட்டுட்டாங்களாம். சொல்லச் சொன்னாரு."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவள் தோள் இரண்டும் இறங்கின. அப்படியே எதிரில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். என் முன்னால் அவள் கால் நீட்டி நான் பார்த்ததே இல்லை. கேட்டில் ஒரு வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப ஒரு பாட்டு கேக்கலாம்ணே," என்றாள். பிறகு குரலை இறக்கி, "அணைச்சதும் ஈரத்துணியப் போட்டு வச்சிட்டா சூடு தெரியாது. வெளிய சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

அதோடு விட்டிருக்கலாம். கேட்டுத் தொலைத்தேன்: "அவரு நல்லவருதானேம்மா?"

யோசித்தாள். விரலை மடித்தாள். "குடிக்க மாட்டாரு. சம்பளத்த அப்படியே கொண்டாந்து குடுத்துருவாரு." மூன்றாவது விரலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எதற்காகப் பிடித்தோம் என்பதே மறந்துவிட்டது அவளுக்கு.

ஆகஸ்ட் 9

சின்ன ரேடியோ ஒன்று வாங்கிவந்தேன். ஆறு மணிக்குத் தரையில் உட்கார்ந்து, "அவருக்கு நைட் டூட்டி" என்றேன். பாட்டு வைத்தோம். அமைதி.

ஆகஸ்ட் 10

"லைன்ல பஸ் பிரேக்டவுன். அவரு வர விடிஞ்சிரும்." அமைதி.

ஆகஸ்ட் 11

நைட் டூட்டி. அமைதி. எனக்கு முன்னால் சாப்பிட்டாள். "நீங்களும் ஒரு வாய் சாப்டுங்கண்ணே" என்றாள். ரசம் நான் வைத்தது. நல்லாயிருக்கு என்றாள். அவள் வைத்த ரசத்தை நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 12

உமா போன் பண்ணினாள். நாலு நாளா அம்மா கேட்டுக்கே போகல என்று சொன்னேன். "சூப்பர்ப்பா! எப்படி?" என்றாள். நோட்டில் இருக்கிறது, வந்து பார் என்றேன். சௌந்திரத்தை இனி யாரும் கொண்டுபோக முடியாது. பக்கத்து வீட்டுக்காரனாகவே காலத்தை ஓட்டிவிடுகிறேன். எனக்கென்ன? உட்கார்ந்து பேசுகிறாளே, அது போதும்.

ஆகஸ்ட் 14

காலை ஏழு மணி. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சௌந்திரம் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இருமினேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க," என்றாள்.

மூன்று வருடமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஏங்கினேன். மலைக்கோட்டைப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டதெல்லாம் இதற்குத்தான். இதோ கிடைத்துவிட்டது.

"என்னங்க, எப்ப வந்தீங்க? ஹார்ன் காதுல விழலீங்க. சத்தியமா விழலீங்க." முறம் கவிழ்ந்தது. எழுந்து போய் ரேடியோவை அணைத்தாள். துணி கிடைக்கவில்லை. ஈரத்துணிக்கு இங்கேயும் அங்கேயும் ஓடினாள். கிடைக்காமல், இரண்டு கையாலும் ரேடியோவைப் பொத்திக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பாடட்டும் சௌந்திரம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இந்தா, நானே போடுறேன்." கையை நீட்டினேன். கன்னத்தைத் திருப்பிக்கொண்டாள். அடி விழட்டும் என்று காத்திருப்பதைப் போல.

கீழே கொட்டின அரிசி மேலேயே நான் உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடம் போயிருக்கும். அவள் முகம் மெல்லத் தெளிந்தது. "அரிசிய யாருண்ணே கொட்டுனது?" என்றாள்.

மறந்துவிட்டாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. என் பெண்டாட்டி என்னை மறந்ததற்கு அப்பாடா என்றேன்.

ஆகஸ்ட் 15

டாக்டரம்மா கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். கீரை உருவுவது, துண்டு மடிப்பது, கல் பொறுக்குவது, பாட்டு, எல்லாமே உதவும். இதெல்லாம் இல்லாவிட்டாலும் ஒன்று இருந்தால் போதும். நான் வீட்டில் இருக்கக் கூடாது.

என் இருமலை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? இந்தச் செருப்புச் சத்தத்தை, இந்த நாற்காலியை? எந்த நிமிடத்தில் அவளுக்கு என்னைத் தெரிந்துவிடுமோ என்று பயந்துகொண்டே நான் இருக்கலாம். அவள் பயந்துகொண்டு இருக்கக் கூடாது.

உமாவுக்குப் போன் போட்டேன். வந்து கூட்டிட்டுப் போ என்றேன்.

ஆகஸ்ட் 19

உமா வந்தாள். நோட்டை முழுக்கப் படித்தாள், அந்தப் பக்கம் உட்பட. கிழித்துவிடலாம் என்று நினைத்தேன், கிழிக்கவில்லை.

"தெரியும்ப்பா," என்றாள். "துணிய நனைச்சுக் குடுக்குறது என் வேல. உங்க ஸ்கூட்டர் தெருமுனையில திரும்புனதும் எடுத்துட்டுப் போயி கொடியில போட்டுருவேன். அப்ப எனக்கு ஆறு வயசு."

"இத்தன வருசத்துல ஒரு வார்த்த சொல்லலியேம்மா."

"உங்ககிட்டயாப்பா?"

அவ்வளவுதான் கேட்டாள். குரல்கூட உயரவில்லை. கொஞ்சம் கழித்து, "நீங்களும் வாங்கப்பா, தனியா என்ன பண்ணுவீங்க" என்றாள்.

"நான் வந்தா ஆறு மணியும் கூடவே வரும்," என்றேன்.

ஆகஸ்ட் 20

காலையிலிருந்து சௌந்திரம் முறத்தோடுதான் இருந்தாள். பத்து மணிக்குக் கார் வந்தது. புதுச் சேலை, ரோசலின் தலைவாரி விட்டிருந்தாள். ரேடியோவை மடியில் வைத்துக் கொடுத்தேன். அதன் மேல்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கார் கதவைச் சாத்தும்போது என் கையைப் பிடித்தாள்.

"அவர்கிட்ட கேக்காம எப்படிண்ணே போறது?"

"நான் சொல்லிக்கிறேம்மா."

"சத்தம் போடுவாரு."

"போடமாட்டாரு. பாத்துக்கலாம்."

"சோறு மூடி வச்சிருக்கேன்னு சொல்லுங்க. கல்லு இருக்காதுன்னு சொல்லுங்கண்ணே."

"சொல்றேன்."

கார் திரும்பும்வரை உமா மட்டும் திரும்பிப் பார்த்தாள். ரோசலின் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கிளம்புகிறேன் ஐயா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பகலெல்லாம் என்ன செய்தேன் என்று நினைவில்லை. துண்டுகளை மடித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆறு மணிக்குக் கேட்டை நானே திறந்தேன், நானே சாத்தினேன். செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குப் போனேன். மேடை மேல் என் சாப்பாட்டுத் தட்டால் மூடிய கிண்ணம் ஒன்று இருந்தது. நிஜமாகவே மூடி வைத்திருந்தாள். திறந்தேன். உள்ளே அரிசி. வேகவைக்காத அரிசி.

தட்டில் கொட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். புத்தி போகுமா? ஒரு கல் இல்லை.

உலை வைத்தேன். வெந்ததும் ரசம் ஊற்றித் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நல்லாயிருக்கு சௌந்திரம் என்று சத்தமாகச் சொன்னேன். கடைசி வாய் வரைக்கும் ஒரு கல்கூடக் கடிபடவில்லை.